புதுப்பிப்பு: கோலா, காபி பழக்கம் விட்டது

தினமும் நான்கு கேன் கோலா, மூன்று காபி. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி தாங்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது "படிப்படியாகக் குறையுங்கள்" என்ற யோசனைதான். மூன்று நாளுக்கு ஒன்று வீதம் குறைத்தேன். மதியம் 2 மணிக்கு மேல் எதுவும் குடிக்கவில்லை, ஏனென்றால் கோலாவிலும் காபியிலும் உள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். முன்பு இரண்டாம் நாளே கண்ணுக்குப் பின்னால் சம்மட்டியால் அடித்த மாதிரி இருக்கும். இந்த முறை லேசான பாரம்தான்.

எதிர்பாராத விஷயம், காஃபீனை விட அந்தச் சுர்ரென்ற நுரையை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. கேன் திறக்கும் சத்தம் கேட்டாலே நாக்கில் எச்சில் ஊறும். சர்க்கரை இல்லாத சோடாவில் எலுமிச்சை பிழிந்து குடிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அப்புறம், தூக்கம் சரியாவதற்கு இரண்டு வாரம் ஆனது. இன்றோடு 40 நாள்.