பெட்ஃபோர்டு முனையில் பார்த்த ஃபீல்டு மார்ஷல்

குன்னூர்க்காரர்களில், 1971 போரின்போது இந்திய ராணுவத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. 1973 ஜனவரியில் ஓய்வு பெற்றவர், 2008-ல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். அதனால் நான் சொல்லப்போவது பெரிய சந்திப்பு ஒன்றும் இல்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அப்பாவும் நானும் காய்கறிப் பையோடு குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தோம். ஒரு கார் நின்றது. முறுக்கிய மீசையோடு ஒல்லியாக ஒரு பெரியவர் இறங்கினார். அப்பா சட்டென்று பையைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. தக்காளி ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. அதை எடுக்க ஓடிய என்னையும் ஒரு பார்வையில் நிறுத்திவிட்டார். பெரியவர் பார்த்தார், தலையை அசைத்தார், கடைக்குள் போய்விட்டார். அவ்வளவுதான்.

"ஏம்ப்பா சல்யூட் அடிக்கலை?"

"தலையில தொப்பி இல்லாம சல்யூட் கிடையாதுடா."

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்று, குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனிலேயே தங்கிவிட்டவர். 1971 பாகிஸ்தான் போரில், மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் இருந்தவர். ஆனாலும் மானெக்‌ஷா என்றால் ஊரே பேசும் டாக்கா, 93,000 கைதிகள், அப்போதைய பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் முன்னொரு காலத்தில் இவரிடம் பணம் கொடுக்காமல் வாங்கிய மோட்டார் சைக்கிள் கதை, இதெல்லாம் அவர் வாயில் அதிகம் வராது. தளபதி வரைபடத்தின் முன்னால் நின்று ஜெயித்தது அது என்பார். அவருக்குப் பிடித்த மானெக்‌ஷா வேறு ஆள்: 27 வயதில், பர்மாவில், ஒரு கம்பெனியை, அதாவது பட்டாலியனின் ஒரு பிரிவை, வைத்துக்கொண்டு குன்று ஏறிய கேப்டன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா கத்தக் கத்த, அந்தக் கதையைச் சொன்னார். 1942 பிப்ரவரி. ஜப்பான்காரன் ரங்கூனை நோக்கி வருகிறான். நடுவில் சிட்டாங் ஆறு, அதன்மேல் ஒரு ரயில் பாலம். 17-ஆவது இந்திய டிவிஷன் பின்வாங்கி அந்தப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில் பகோடா குன்று என்று ஒரு மேடு. குன்று யார் கையிலோ பாலம் அவர் கையில். ஜப்பானியர் அதைப் பிடித்துவிட்டார்கள். 22-ஆம் தேதி, 12-ஆவது ஃப்ரன்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்டின் நாலாவது பட்டாலியனைச் சேர்ந்த 'ஏ' கம்பெனி எதிர்த்தாக்குதல் நடத்தியது. கம்பெனி கமாண்டர் மானெக்‌ஷா. ஆட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தும் குன்றைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றில் பாய்ந்தன.

ஏழு குண்டு. ஆள் பிழைக்க மாட்டார் என்று தோன்றியதால் டேவிட் கோவன் என்ற மேலதிகாரி தன் மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்தினார். அந்தக் காலத்தில் அந்தப் பதக்கம் இறந்தவர்களுக்குக் கிடையாது. உயிர் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். அப்புறம் ஆஸ்திரேலிய டாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்க, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று இவர் சொன்னாராம். அந்த நிலையிலும் கிண்டல் பண்ணுகிறவனைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் கத்தியை எடுத்தாராம். குடலில் பெரும் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் பலரும் எழுதியதுதான்.

அப்பா சொல்லும்போது கதை வேறு இடத்தில் நிற்கும். "தூக்கிட்டு வந்தது யாரு? ஷேர் சிங்!" ஷேர் சிங் மானெக்‌ஷாவின் ஆர்டர்லி, கூடவே இருக்கும் உதவியாள். குண்டு பட்ட அதிகாரியைக் களத்திலிருந்து சுமந்து கொண்டுபோய் டாக்டரிடம் சேர்த்த சீக்கியச் சிப்பாய். எல்லாரும் பதக்கத்திலும் கழுதையிலும் நிற்க, அப்பா இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். எனக்குச் சலித்தே போயிருந்தது.

2008 ஜூன் 27. வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மானெக்‌ஷா 94 வயதில் காலமானார். ஊட்டி பார்சி கல்லறைத் தோட்டத்தில், மனைவி பக்கத்திலேயே அடக்கம். டெல்லியிலிருந்து பெரிய தலைகள் வரவில்லை என்று பேப்பர்கள் எழுதின. அது வாஸ்தவம்தான். ஆனால் ரோட்டோரத்தில் நின்ற கூட்டத்தை நான் பார்த்தேன். அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய தொப்பியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வண்டி போகும்போது சல்யூட் அடித்தார். கை நடுங்கியது. குளிரா வயதா தெரியவில்லை.

திரும்பி வரும்போதுதான் சொன்னார். ஷகர்கரில் அவரும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தன் செக்‌ஷன் நாயக், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முதலுதவி முகாம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தவர், இறக்கி வைக்கும்போது இல்லை. இருபது வருஷமாக ஷேர் சிங், ஷேர் சிங் என்று அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அவர் சொல்வார். பிரிவினையில் ஃப்ரன்டியர் ஃபோர்ஸ் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. மானெக்‌ஷா கூர்க்கா ரெஜிமென்டுக்கு வந்தார், 'சாம் பகதூர்' ஆனார். 1971-ல் ஷகர்கரில் எங்கள் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த படைகளில் ஃப்ரன்டியர் ஃபோர்ஸும் இருந்தது. "ஐயாவோட பழைய பல்டன் ஆளுங்க, நல்லாத்தான் சண்டை போட்டாங்க" என்பார், ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

*

அண்ணா, உங்கள் பதிவில் சிட்டாங் பாலம் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் தாத்தா அப்போது ரங்கூன் முகல் தெருவில், செட்டியார் கடையில் பெட்டியடிப் பையன், அதாவது கடைநிலை உதவியாள். 41 டிசம்பரில் குண்டு விழுந்தபோதே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். இவர் கடைக் கணக்கை விட்டுவிட்டு வர முடியாமல் இருந்தார். பாலம் போய்விட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் கிளம்பினாராம். மண்டலே, தமு, இம்பால் என்று நடந்தே வந்தவர். வழியில் காலராவில் போனவர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டதாகச் சொல்வார்.

எங்கள் வீட்டில் அந்தப் பாலம் என்றாலே திட்டுதான். 23-ஆம் தேதி விடியற்காலையில் அதைத் தகர்த்தது ஜப்பான்காரன் இல்லை, இங்கிலீஷ் அதிகாரிகளே. டிவிஷனில் பெரும்பகுதி அக்கரையில் நிற்கும்போது! பலர் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஆற்றில் நீந்தினார்கள். கடைசியில் அந்த டிவிஷனில் மிஞ்சிய காலாட்படையினர் சுமார் 3,500 பேர்தான். இரண்டு வாரத்தில் ரங்கூனும் போனது. குன்றைப் பிடிக்க அத்தனை பேர் செத்தது இதற்குத்தானா என்றுதான் உங்கள் பதிவைப் படித்ததும் நினைத்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

*

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, தம்பி. அன்றைக்குக் குன்று கையில் இருந்ததால்தான் கொஞ்சம் பேராவது பாலத்தைத் தாண்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாலத்தைத் தகர்த்தது பற்றி அப்பாவும் உங்கள் தாத்தா சொன்னதையேதான் சொல்வார். என்ன, பட்டாளத்து வார்த்தைகளில் சொல்வார், இங்கே எழுத முடியாது.