ஆறு பட்டை டிஸ்டிகோடஸ் மீன் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

வாங்கும் முன் மூக்கைப் பாருங்கள். டிஸ்டிகோடஸில் செக்ஸ்ஃபாசியேட்டஸ், லுசோசோ என்ற இரண்டு இனங்களும் குட்டியில் ஒன்று போலவே இருக்கும்: ஆரஞ்சு உடம்பு, கறுப்புப் பட்டைகள், சிவந்த துடுப்பு. கடைகளில் கலந்தே விற்கிறார்கள். முகம் குட்டையாக, மழுங்கலாக இருந்தால் செக்ஸ்ஃபாசியேட்டஸ். நீண்டு கூராக இருந்தால் லுசோசோ. முன்னது 75 செ.மீ. வரை வளரும், பின்னது ஏறக்குறைய 40 செ.மீ. விரல் நீளக் குட்டியிடம் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் தொட்டிக் கணக்கே தப்பாகிவிடும். வளர்ந்த செக்ஸ்ஃபாசியேட்டஸில் பட்டைகள் மங்கி உடம்பு சாம்பல் பூக்கும். அது நோயல்ல.

தொட்டியில் நீளத்தைவிட அகலம் முக்கியம். இரண்டரை அடி மீன் உடம்பை வளைக்காமல் திரும்ப வேண்டும். 8 அடி நீளம், 3 அடி அகலம், 2.5 அடி உயரம் என்றால் சுமார் 1,700 லிட்டர். இதற்குக் கீழே போக வேண்டாம். லுசோசோவுக்கு 6 × 2.5 × 2 அடி போதும்.

*

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்டிகோடஸ் என்ற பெயருக்கே இரண்டு வரிசைப் பல் என்றுதான் பொருள். இலையின் விளிம்பை அரைவட்டமாகக் கத்தரித்துக்கொண்டே போகும். மற்ற மீன்கள் தொடாத அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளும் தப்பாது. கல்லும் மரக்கட்டையும் மட்டும் வையுங்கள். ஹீட்டரை சம்ப்புக்குள் (ஃபில்டருக்கான தனித் தொட்டி) மாற்றிவிடுங்கள். வயரையும் காற்றுக் குழாயையும் கடித்துப் பார்க்கும், மின்சாரம் கசிந்தால் ஆபத்து நமக்கும்தான். நீளத் துடுப்புள்ள மீன்களைக் கூட விடாதீர்கள். பசி எடுத்தால் இலைக்கும் துடுப்புக்கும் வித்தியாசம் பார்க்காது. சினோடான்டிஸ் கெளுத்தி, முரட்டு சிக்லிட் வகைகள் ஒத்துப்போகும். திடீரென விளக்கைப் போட்டால் மிரண்டு துள்ளும், அதனால் மூடிமேல் கனம் வையுங்கள்.

*

தீனி: பசலைக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, கல்லில் கட்டி இறக்குங்கள். வெள்ளரித் துண்டு, தோலுரித்த பட்டாணி, ஸ்பைருலினா (பாசி) பெல்லட் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மாட்டு இதயம் போன்ற இறைச்சி வேண்டாம், குடல் தாங்காது. மிச்சக் கீரையை அன்றே எடுத்துவிடுங்கள்.

இலை தின்னும் மீன் கழிப்பது அதிகம். அந்த நார்க்கழிவு ஃபில்டர் பஞ்சில் பாய்போலப் படிந்து நீரோட்டத்தையே அடைத்துவிடும். முன்பஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும்.