ஆச்சி வீட்டு போன் பில்

குழு: பாளையங்கோட்டை வீடு

சின்ன மாமா, காலை 8:12
(படம்) அம்மா வீட்டு லேண்ட்லைன் பில். வாடகை 199, ஜி.எஸ்.டி. 35.82, மொத்தம் 234.82. மாதாமாதம் இதேதான். ஆளுக்கொரு செல் இருக்கும்போது இது எதற்கு? சரண்டர் செய்துவிடலாமா?

சித்தி, 8:15
எனக்குச் சம்மதம். செட்டைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட்டும் வரும்.

பெரிய மாமா, 8:31
அப்பா ஓ.ஒய்.டி.யில், அதாவது முன்பணம் கட்டினால் சீக்கிரம் போன் தரும் திட்டத்தில், பணம் கட்டி வாங்கிய கனெக்‌ஷன் அது. சாதா வரிசையில் நின்றிருந்தால் உங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட போன் நம்பர் போட்டிருக்க முடியாது. ரசீது எந்த டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதோ!

அம்மா, 8:34
டயலில் சின்னப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விடுவாரே அப்பா. வெளியூருக்கு எஸ்.டி.டி. போடவேண்டும் என்றால் ராத்திரி 11 மணிக்கு மேல்தான், கால் பங்குக் கட்டணம். அண்ணன் சென்னையில் படித்தபோது அதற்காகவே கண் விழித்திருப்போம்.

சித்தி, 8:35
பூட்டைத் திறக்காமலே ரிசீவர் வைக்கிற கொக்கியைத் தட்டித் தட்டி நம்பர் போட்டது யார் என்று சொல்லட்டுமா?

அம்மா, 8:35
சும்மா இரு. பிள்ளைகள் இருக்கிற குழு.

அம்மா, 8:36
ஏட்டி, ஆச்சியிடம் கேட்டாயா?

நான், 8:50
வாசித்துக் காட்டினேன். “போனை எடுத்துவிட்டால் சிலிண்டர் எப்படி வரும்?” என்கிறாள். கேஸ் புக்கிங் அந்த நம்பரில்தான் பதிவாகியிருக்கிறது.

சின்ன மாமா, 8:52
நம்பரை மாற்றிக்கொள்ளலாம். அது ஒரு காரணமா?

நான், 8:58
காரணம் அது இல்லை மாமா. மத்தியானம் சாப்பிட்டதும் கோவில்பட்டி பெரியாச்சிக்கு ஒரு போன் போடுவாள். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. செல்லில் பேசினால் கன்னம் பட்டு கட் ஆகிவிடுகிறது, இல்லாவிட்டால் மியூட் ஆகி, இந்தப் பக்கம் இவளே பேசிக்கொண்டிருக்கிறாள். டைரியில் செல் நம்பர் எல்லாவற்றுக்கும் முன்னால் சிவப்புப் பேனாவில் 0 போட்டிருக்கிறாள். 2021 ஜனவரியில் லேண்ட்லைனிலிருந்து செல்லைக் கூப்பிட 0 சேர்க்கவேண்டும் என்று மாற்றினார்களே, அப்போது போட்டது.

பெரிய மாமா, 9:10
2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? கரண்ட் இல்லை, டவர் இல்லை, செல்லில் சார்ஜும் இல்லை. அம்மா குரலைக் கேட்டது இந்த லேண்ட்லைனில்தான். காப்பர் லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துவிடும், வீட்டில் கரண்ட் வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் ஓடினால் போதும்.

சின்ன மாமா, 9:13
அண்ணே, அந்த ஒரு வாரத்துக்காக வருடா வருடம் 2,817 ரூபாயா?

பெரிய மாமா, 9:15
கணக்கு என்று வந்துவிட்டால் முழுசாகப் போடு. போனுக்கும் நெட்டுக்கும் அந்த வீட்டிலிருந்து எவ்வளவு போகிறது?

நான், 9:24
லேண்ட்லைன் 234.82. கேபிள்காரர் நெட் வரியோடு 590. ஆச்சி செல்லுக்கு 299, அது மாதக் கணக்கு இல்லை, 28 நாள்.

சித்தி, 9:27
28 நாள் என்றால் வருடத்துக்கு 13 தடவை! 3,887 ரூபாய். வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே, அம்மா அந்த டேட்டாவை எங்கே செலவழிக்கிறாள்?

நான், 9:28
கோயிலுக்குப் போகும்போது செல்லை எடுத்துப் போவதே இல்லை சித்தி.

சின்ன மாமா, 9:30
அது நான் ஆட்டோபேயில் போட்டுவிட்டது.

பெரிய மாமா, 9:32
அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. பேப்பரில் அச்சடித்து வாசலில் வந்து விழுவது லேண்ட்லைன் பில் மட்டும்தான். திட்டு வாங்குவதும் அது மட்டும்தான்.

சித்தி, 9:40
செல்லுக்கு ஒரு வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு, டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் பேக் வந்துவிட்டது. என் மாமியாருக்கு அதைத்தான் போட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரே தடவை, இப்போது கட்டுவதில் ஏறத்தாழ பாதிதான் ஆகும்.

அண்ணன் (பெங்களூரு), 10:05
இப்போதுதான் எல்லாம் படித்தேன். லேண்ட்லைனை எடுக்கவேண்டாம், ஃபைபருக்கு மாற்றலாம். நெட்டும் போனும் ஒரே பில். 449 ரூபாய் திட்டம், வரியோடு 529.82. இப்போது இரண்டுக்கும் தனித்தனியாக 824.82 கட்டுகிறோம். மாதம் 295 மிச்சம், வருடத்துக்கு 3,540. போனை எடுத்துவிட்டால்கூட இவ்வளவு மிஞ்சாது.

சின்ன மாமா, 10:07
நம்பர்?

அண்ணன், 10:08
விண்ணப்பத்திலேயே பழைய 0462 நம்பரே வேண்டும் என்று எழுதிக் கேட்கவேண்டும். அது முடியும் என்று தெரிந்த பிறகு கேபிள் நெட்டை நிறுத்தினால் போதும். முதலிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

பெரிய மாமா, 10:11
கரண்ட் போனால்?

அண்ணன், 10:14
அதுதான் இதில் உள்ள குறை மாமா. ஃபைபரில் வெளிச்சம் மட்டும்தான் வரும், கரண்ட் வராது. வீட்டில் வைக்கிற மோடம் பெட்டி அணைந்தால் போனும் போச்சு. ரவுட்டருக்கென்றே மினி யு.பி.எஸ். விற்கிறார்கள், 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். சில மணி நேரம் தாங்கும்.

பெரிய மாமா, 10:16
வெள்ளத்துக்குச் சில மணி நேரம் எந்த மூலைக்கு?

அண்ணன், 10:19
போதாதுதான். ஆனால் காப்பர் லைனை எல்லா ஊரிலும் ஃபைபருக்கு மாற்றிக்கொண்டேதான் வருகிறார்கள். நாம் மாறாவிட்டாலும் அது ரொம்ப நாள் இருக்காது.

பெரிய மாமா, 10:40
சரி. மாற்றுங்கள். யு.பி.எஸ். என் செலவு, ஆனால் இரண்டு வாங்குங்கள். ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.

அம்மா, 10:42
அம்மா என்ன சொல்கிறாள் என்று யாராவது கேட்டீர்களா?

நான், 11:05
கேட்டேன். பில் எவ்வளவு வந்தாலும் பரவாயில்லையாம், இதே செட்தான் வேண்டுமாம். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்வாள், அது புதுசில் நடக்காது என்கிறாள்.

அண்ணன், 11:08
அது பட்டன் செட்தானே? புதுப் பெட்டிக்குப் பின்னால் அதையே செருகிக்கொள்ளலாம்.

நான், 11:10
பெட்டி கூடத்தில் வரும். போன் அடுக்களை வாசலில் இருக்கிறது. ஒயர் எட்டாது.

சின்ன மாமா, 11:12
சனிக்கிழமை விண்ணப்பம் கொடுக்க வருகிறேன். சுவரோரமாக அளந்து எத்தனை மீட்டர் என்று அனுப்பு, வரும்போது வாங்கி வருகிறேன். கதவு நிலையைச் சுற்றிப் போகவேண்டும், அதையும் சேர்த்து அளந்துகொள்.