தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டில் பாட்டுப் பதிவு: இந்த லேப்டாப் போதுமா?

சென்னிமலை பேத்தி:

வணக்கமுங்க. எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, உடுக்கை அடித்துக் கதை பாடும் உடுக்கடிப் பாட்டுக்காரர். பொன்னர் சங்கர் கதையான அண்ணமார் கதையை விடிய விடியப் பாடியவர். வயது எண்பதை நெருங்குகிறது. குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது, மூச்சுதான் முன்போல நீள்வதில்லை. அவருக்குத் தெம்பு இருக்கும்போதே முழுக் கதையையும் வீட்டிலேயே பதிந்து வைத்துவிட வேண்டும் என்று ஆசை.

போனில் பதிந்து பார்த்தேன். உடுக்கை விழும் இடத்திலெல்லாம் குரல் உள்ளே போய்விடுகிறது, அப்புறம் மெல்ல மேலே வருகிறது. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. அண்ணன் கொடுத்த பழைய இசைக் கீபோர்டு ஒன்றும் உண்டு, யூஎஸ்பி வயர் குத்தி லேப்டாப் வழியாக வாசிக்கலாம். சில பகுதிகளுக்குப் பின்னால் மெல்லிய சுருதி சேர்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கட்டையை அழுத்தினால் ஹெட்ஃபோனில் சத்தம் தாமதமாக வருகிறது, நடுநடுவே பட்பட்டென்று வெட்டுகிறது. சார்ஜர் போட்டதும் ஓர் இரைச்சல் சேர்ந்துகொள்கிறது. போதாததற்குப் பக்கத்திலேயே தறிக்குடோன்.

ஈரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். இந்த லேப்டாப்பில் ஒன்றும் ஆகாது, எண்பதாயிரத்துக்குப் புதிதாக வாங்குங்கள் என்றார்கள். கையில் இருபதாயிரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாமுங்க?

கோபி பதிவறை:

அம்மணி, லேப்டாப்பை மாற்ற வேண்டாமுங்க. கோபிப் பக்கம் வள்ளிக்கும்மிக் குழுக்களுக்குப் பாட்டுப் பதிந்து கொடுப்பதுதான் என் வேலை. என்னுடையதும் 8 ஜிபி ராம்தான். நேரடியாகப் பாடுவதைப் பதிய ராம் அதிகம் தேவைப்படாது. வயலின் கூட்டம், பெரிய பியானோ என்று பதிந்து வைத்த வாத்தியச் சத்தத் தொகுப்புகளை (சாம்பிள் லைப்ரரி) அடுக்கும்போதுதான் ராம் தின்னும். ஒரு குரல், ஓர் உடுக்கை, அடியில் ஒரு சுருதி. இதற்கு உங்கள் லேப்டாப் தாராளம்.

போன் பதிவில் குரல் அமுங்கக் காரணம், போன் சத்த அளவைத் தானாகவே ஏற்றி இறக்குவதுதான். உடுக்கை பளாரென்று விழுந்ததும் மொத்தத்தையும் கீழே இழுக்கிறது, குரலும் கூடவே இறங்கிவிடுகிறது. மைக்கை லேப்டாப்போடு இணைக்க வெளியே வைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதில் நீங்கள் திருகி வைத்த அளவு அப்படியே நிற்கும். அதனால் பணத்தை முதலில் அதில் போடுங்கள். இரண்டு மைக் குத்தும் இன்டர்ஃபேஸாகப் பாருங்கள், ஒன்று குரலுக்கு, ஒன்று உடுக்கைக்கு. அடுத்து இரண்டு டைனமிக் மைக் (மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை), காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன் ஒன்று. புளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, தாமதம் அதற்குள்ளேயே இருக்கிறது. பதியும் மென்பொருளுக்கு ரீப்பர் (Reaper) போதும். 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்தால் லைசென்ஸ் வாங்கலாம், சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். கையில் இருக்கும் இருபதாயிரத்தில் மைக், இன்டர்ஃபேஸ் வாங்கிய பிறகு இதை யோசித்தால் போதும்.

இப்போது அந்தத் தாமதம். லேப்டாப் சத்தத்தைச் சிறு சிறு கட்டாகச் சேர்த்துத்தான் வெளியே அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். சத்தத்தை நொடிக்கு 48,000 துளியாக (சாம்பிள்) அளக்கும் வேகத்தில் பஃபர் 1024 துளி என்றால் போகும் வழியில் மட்டும் 21 மில்லிசெகண்ட் ஆகும், 128 என்றால் 3 மில்லிசெகண்டுக்கும் கீழே. காற்றில் சத்தம் 10 மில்லிசெகண்டில் ஏறக்குறைய 11 அடி தூரம் போகும், அதாவது அவ்வளவு தாமதம் 11 அடி தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பதுபோலத்தான். அதனால் மொத்தத் தாமதம் பத்துக்குள் இருந்தால் கை உறுத்தாது. விண்டோஸின் சாதாரண டிரைவரில் இது கிடைப்பது சிரமம். இன்டர்ஃபேஸ் வாங்கியதும் அந்தக் கம்பெனியின் ஏசியோ (ASIO) என்ற தாமதம் குறைந்த டிரைவரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டு, ரீப்பரின் ஆடியோ செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பஃபரை எப்போதும் குறைவாகவே வைக்க வேண்டும் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறைவான பஃபர் வேண்டியது கீபோர்டு வாசிக்கும்போது மட்டும்தான். அப்புச்சி பாடும்போது, இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் மைக் சத்தம் லேப்டாப்புக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், தாமதமே இருக்காது. அப்போது பஃபரை 1024 வைத்துவிடுங்கள். லேப்டாப் மூச்சுத் திணறாது, பட்பட் சத்தம் விழாது. ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்துப் பாடிய பாட்டில் நடுவே ஒரு வெட்டு விழுந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாது.

பட்பட் சத்தத்துக்கு இன்னொரு காரணம், லேப்டாப் கரண்டை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது. பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பதைத் திறந்து, கரண்டை மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பதியும் நேரத்தில் ஏரோபிளேன் மோடு. வைஃபை டிரைவர்தான் பல லேப்டாப்புகளில் குறுக்கே வரும் ஆள். விண்டோஸ் அப்டேட்டையும் ஒன்டிரைவையும் நிறுத்தி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் வெட்டினால் லேட்டன்சிமான் என்ற இலவசப் புரோகிராமை ஓடவிடுங்கள், எந்த டிரைவர் வழியை மறிக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும்.

சார்ஜர் இரைச்சல் எர்த் சம்பந்தப்பட்டது. பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் போக வேண்டும் என்று சார்ஜரின் எர்த் பின்னை உடைக்கும் வேலை மட்டும் வேண்டாம், அது ஆளுக்கே ஆபத்து.

கடைசியாகத் தறி. மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று பகலில் கரண்ட்டை நிறுத்துவார்கள் இல்லையா, எந்தெந்த ஊருக்கு என்று முதல் நாளே பேப்பரில் வரும். அந்த நாளைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தறி நிற்கும். பக்கத்து வீட்டு மோட்டார், மிக்ஸி, டிவி எல்லாம் நிற்கும். நம் வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் நிற்கும். சார்ஜர் இல்லாததால் அந்த இரைச்சலும் இருக்காது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், சின்ன இன்டர்ஃபேஸ் லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் பதிவதன் பெரிய வசதியே இதுதான். முதல் நாள் ராத்திரியே பேட்டரியை முழுக்க ஏற்றி வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் தானாக வேகத்தைக் குறைக்கும், அதனால் நான் மேலே சொன்ன பவர் மோடைப் பேட்டரிக்கும் தனியாக மாற்றி, எனர்ஜி சேவரை அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அப்புச்சி வெயிலில் வேர்க்காமல் இருக்கக் காலை நேரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

பீளமேடு கீபோர்டு:

அண்ணன் சொன்ன கரண்ட் விஷயம் நல்ல யோசனை. இரண்டு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

எப்போதாவது லேப்டாப் மாற்றுவதாக இருந்தால் பழைய எம்1 மேக்புக் ஏர் பாருங்கள். 2020இல் வந்தது, உள்ளே ஃபேனே கிடையாது, மைக் பக்கத்தில் வைத்தாலும் சத்தம் வராது. கராஜ்பேண்ட் இலவசம், ஏசியோ டிரைவர் தேடும் வேலையும் இல்லை.

இரண்டாவது, குரலுக்கு டைனமிக் மைக் என்பது. வயதானவர் குரலில் இருக்கும் நடுக்கம், மூச்சு எடுக்கும் சத்தம், அவைகூட அந்தப் பாட்டில் சேர்த்திதான். அதை நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்தான் முழுசாகப் பிடிக்கும். அந்த மைக்குக்குக் கரண்ட் கொடுக்க இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டன் இருந்தால் போதும்.

கோபி பதிவறை:

தம்பி சொல்வது சரிதான், அமைதியான அறை இருந்தால் நானும் கண்டென்சர்தான் வைப்பேன். ஆனால் ஓட்டு வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், அது கோழி கூவுவதையும் ரோட்டில் போகும் பஸ்ஸையும் சேர்த்தே பிடிக்கும். டைனமிக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பாடினால் பாட்டு முன்னால் வரும், மற்றது பின்னால் போகும். உடுக்கை மைக்கை ஒரு முழம் தள்ளி, தோலுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அளவைத் திருகும்போது அப்புச்சியை மெதுவாக அடிக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள். கதையில் சண்டை வரும் இடத்தை அடிக்கச் சொல்லுங்கள். அந்த உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். 24 பிட்டில் பதிவதால் அளவு குறைவாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

சோமனூர் தறி:

நான் தறி ஓட்டுகிறவன். தறிச் சத்தம் காற்றில் மட்டும் வராது, தரை வழியாகவும் வரும். மைக் ஸ்டாண்டு நேராகச் சிமென்ட் தரையில் நின்றால் அந்த அதிர்வு கம்பி வழியே ஏறிவிடும். சாக்கை நாலாக மடித்து அடியில் போடுங்கள். அப்புறம், குடோன்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். அண்ணமார் கதை பாடுகிறார் என்றால் நான் நிறுத்திவிட்டு வந்து கேட்பேன்.

சென்னிமலை பேத்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. குடோன்காரர் தெரிந்தவர்தான், கேட்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். ஆசாரத்தில் எதிரொலி இருக்கிறது, ஸ்பாஞ்சு ஒட்ட வேண்டுமா? ரீப்பரில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டு அப்புச்சியைப் பாடச் சொல்லட்டுமா? அவர் சுருதி கீபோர்டின் எந்தக் கட்டையோடும் ஒட்டவில்லை, என்ன செய்வதுங்கண்ணா?

கோபி பதிவறை:

ஸ்பாஞ்சு வேண்டாம். வீட்டில் பவானி ஜமக்காளம் இருக்கும் அல்லவா, கனமானதாக இரண்டு எடுங்கள். அப்புச்சி உட்காரும் இடத்துக்குப் பின்னால் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடுகிறவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான், எதிரொலி அங்கிருந்துதான் உள்ளே வரும். சுவரில் ஒட்டாமல் நான்கு விரற்கடையாவது தள்ளி நின்றால் இன்னும் நன்றாக உறிஞ்சும். மிகவும் கனத்த அடிச் சத்தத்தை ஜமக்காளம் நிறுத்தாது, ரீப்பரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அது குறையும். தறியின் உறுமலிலும் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

மெட்ரோனோம் கூடவே கூடாது அம்மணி. கதை சொல்லும்போது நிதானிப்பார், சண்டை வந்தால் வேகம் பிடிப்பார், ஒப்பாரி வந்தால் இழுப்பார். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி அழுத்தி அவர் சத்தத்தை வளைப்பதும் அந்தப் போக்கில்தான். காதில் டிக் டிக்கென்று அடித்தால் பாட்டு செத்துவிடும். லேப்டாப்தான் அவருக்குப் பின்னால் வர வேண்டும். அதே காரணத்துக்காகக் குரலைத் திருத்தும் பிளக்இன் எதையும் போடாதீர்கள். இரைச்சல் நீக்கும் பிளக்இன்னையும் லேசாக வைத்தால் போதும். அழுத்திப் போட்டால் தறியோடு சேர்த்து உடுக்கையின் கடைசி அதிர்வையும் வழித்து எடுத்துவிடும்.

சுருதிக்கும் அதே வழிதான். முதலில் அவரைப் பாடவிட்டுப் பதியுங்கள், டியூனரில் அவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கிறார் என்றால் கீபோர்டை அவரிடம் கொண்டு போங்கள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே 100 சென்ட். சாஃப்ட்வேர் கருவிகளில் ஃபைன் டியூன் என்று ஒரு திருகு இருக்கும், அதில் முப்பதோ நாற்பதோ சென்ட் ஏற்றி இறக்கிப் பாருங்கள், கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, அண்ணமார் கதையை டேப்பில் பதிந்தார். அன்று பாடியவரின் கதைப்போக்கு இன்று நமக்குக் கிடைப்பது அந்தப் பதிவால்தான். உங்கள் அப்புச்சி பாடும் விதம் வேறாக இருக்கும். ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் அந்தக் கதை மாறும். அதனால் பதிந்த மூல ஃபைலில் கைவைக்காதீர்கள், மாற்றமெல்லாம் நகலில் செய்யுங்கள். 48,000, 24 பிட்டில் இரண்டு டிராக் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும். முழுக் கதைக்கும் உங்கள் எஸ்எஸ்டியில் இடம் இருக்கிறது. ஆனால் அன்றன்றைக்கே வெளி டிஸ்க்கில் ஒரு நகல், வேறு வீட்டில் இன்னொரு நகல். மணிக்கு ஒருமுறை நிறுத்திப் புது ஃபைல் தொடங்குங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தேதி, ஊர், கதையில் எந்த இடம், இதை யாரிடம் கற்றார் என்பதை அப்புச்சியையே சொல்லச் சொல்லிப் பதியுங்கள்.

இன்டர்ஃபேஸ் வாங்கும் முன் மாடல் பெயரை இங்கே போடுங்கள், டிரைவர் எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன்.