நிலநடுக்கத்துல வீடு போனவங்களுக்கு நாமளே கட்டிக் குடுக்கலாமா, இல்ல காசா குடுக்கலாமா?

தென்றல்22:
நாங்க ஒரு சின்ன குரூப், வீடு இழந்த ஒரு கிராமத்துக்கு உதவ இறங்கியிருக்கோம். காண்ட்ராக்டர் வச்சு ஒரே மாதிரி வீடா கட்டிக் குடுத்துடலாமா, இல்ல காசைக் குடுத்து அவங்களையே கட்டச் சொல்லலாமா? எல்லாம் கல்லும் மண்ணும் வச்ச வீடுங்க. அடுத்த தடவை நாம கட்டுன வீடே அவங்க தலைல விழுந்துடக்கூடாதுன்னு பயமா இருக்குங்க.

சிவில்காரன்:
காண்ட்ராக்டர் வேணாம். 2001 குஜராத், 2015 நேபாளம் ரெண்டு இடத்துலயும் பெரும்பாலும் வீட்டுக்காரங்களேதான் கட்டுனாங்க. நேபாளத்துல ஒரு வீட்டுக்கு அரசாங்கம் குடுத்த 3 லட்சம் நேபாள ரூபாயை மூணு தவணையா பிரிச்சாங்க, அஸ்திவாரத்தை இன்ஜினியர் வந்து பாத்து சரின்னு சொன்னாதான் அடுத்த தவணை. அங்கதான் விஷயமே இருக்கு, ஏன்னா மண்ணைப் போட்டு மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

கல்லுக்கட்டு:
காசை விட கொத்தனார் முக்கியம்னு நான் சொல்லுவேன். கல்லு சுவர் ரெண்டு பக்கமும் தனித்தனியா எழும்பி நடுவுல பொடிக்கல்லு ரொப்பியிருக்கும், ஆட்டம் வந்தா அப்படியே ரெண்டா பிளந்து சரியும். அதனால அங்கங்க சுவரோட முழு அகலத்துக்கும் போற நீளக்கல்லு வைக்கணும், அஸ்திவாரத்துக்கு மேல, கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல்ல, கூரைக்கு அடியில சுவரைச் சுத்தி அறுபடாம கம்பி வச்ச காங்கிரீட் பெல்ட் ஓடணும், காங்கிரீட்டுக்கு வசதி இல்லன்னா மரச்சட்டத்தை ஏணி மாதிரி அடிச்சுப் போடலாம். ஜன்னலை மூலைல வைக்கவே கூடாது.

இதை வாயால சொன்னா ஏறாது. நாங்க முழங்கால் உயரத்துல ரெண்டு மாதிரி வீடு கட்டி, ஒண்ணுல மட்டும் பெல்ட் போட்டு, சக்கரப் பலகைல வச்சு ஆட்டிக் காமிச்சோம். பெல்ட் இல்லாததுல முதல்ல மூலைதான் விட்டுச்சு. ஒரு வயசான கொத்தனார் எந்திரிச்சு வந்து, நின்ன வீட்டோட பெல்ட்டை விரலால தடவிப் பாத்தார், ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல வந்து கம்பி எத்தனை எம்எம்னு கேட்டார்.

மழைச்சாரல்:
தவணை முறைல ஒரு கஷ்டம் இருக்கு. கைல முன்பணம் இல்லாதவங்க வட்டிக்கு வாங்கித்தான் அஸ்திவாரமே போடுவாங்க. தனியா இருக்குற பெண்கள், வயசானவங்க, பட்டா இல்லாதவங்க எல்லாம் கடைசில நின்னுடுவாங்க, அவங்களுக்கு மட்டும் ஆளும் சாமானும் நீங்களே ஏற்பாடு பண்ணுங்க.

தென்றல்22:
ரொம்ப நன்றிங்க. அங்க ஆறு வீட்டுல வயசானவங்க மட்டும்தான் இருக்காங்க, அதுல இருந்தே ஆரம்பிக்கிறோம். @கல்லுக்கட்டு, மாதிரி வீட்டுக்கு என்ன அளவு, கலவை என்ன விகிதம்னு கொஞ்சம் எழுதுறீங்களா? ஞாயித்துக்கிழமை கொத்தனாருங்களை வரச் சொல்லியிருக்கேன்.