மறு: 'சினாந்த்ரோப்': ஊரண்டியா, ஊரிணங்கியா?

> மனிதர் மாற்றிய இடத்தில் வாழும் தேனீயைத் 'தகவமைந்த தேனீ' என்று சொல்லிவிட்டால் போதாதா? புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். மனிதர் மாற்றிய இடங்களை ஒட்டி வாழும் உயிரினத்தைத்தான் ஆங்கிலத்தில் 'சினாந்த்ரோப்' (synanthrope) என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

தகவமைப்பு என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த ஒட்டகத் திமில் வந்து நிற்கும். அது தலைமுறைகளாக உடல் மாறும் கதை. எங்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் ஒரு மலைத்தேன் அடை தொங்குகிறது; ஒற்றை அடை, மூன்றடி அகலம் இருக்கும். அந்த ஈ எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு வேண்டியது உயரமும், தொங்குவதற்கு ஒரு விளிம்பும்தான். பாறை கொடுத்ததைக் கான்கிரீட்டும் கொடுக்கிறது. பூ குறைந்தால் கிளம்பிவிடும். பருவம் திரும்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். (அதற்குள் யாராவது தீப்பந்தத்தைத் தூக்காமல் இருக்க வேண்டும்.)

டொராண்டோ இலைவெட்டித் தேனீயின் கதை வேறு. 2013இல் வெளியான ஆய்வின்படி, குஞ்சறை கட்டும்போது இலைத் துண்டுகளோடு பிளாஸ்டிக் பைத் துணுக்குகளையும் அது வெட்டிவந்து சேர்த்திருந்தது. குஞ்சுகளும் பிழைத்து வெளிவந்தன. இங்கே பழக்கம் மாறியிருக்கிறது. நமக்கு வேண்டியது, பரிணாமத்தை இழுக்காமல் இந்த இரண்டையும் அடக்கும் சொல்.

'மனிதச்சார்பு உயிரி' என்று வைத்தால் பேனுக்குப் பொருந்தும். நாம் இல்லாவிட்டால் அது பிழைக்காது. மலைத்தேனீக்கு நம் தயவு தேவையில்லை. 'ஊரண்டி' (ஊரை அண்டி வாழ்வது) எனக்கும் பிடித்தது. ஆனால் நாகர்கோவில் பக்கம் அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. முந்திரி ஆலைக்கு அண்டியாபீஸ் என்றே பெயர். அங்கே வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால் பாடம் நடக்காது.

எனவே 'ஊரிணங்கி' (ஊரோடு இணங்கி வாழ்வது) என்கிறேன். பண்புக்கு ஊரிணக்கம், எதிர்ச்சொல்லுக்கு ஊர்விலகி. ஊர்க்குருவி என்று பெயரிட்டவர்கள் பாதி வேலையை முன்பே முடித்துவிட்டார்கள்.

> 'ஊர்' என்றால் வயலும் சேர்ந்துவிடுமே?

சேரக் கூடாது. லண்டனிலும் சுற்றியுள்ள விளைநிலங்களிலும் தேனீக்கள் இரை இருக்கும் இடத்தைக் கூட்டாளிகளுக்குச் சொல்ல ஆடும் நடனத்தைப் படித்து, அவை இரைக்கு எவ்வளவு தூரம் போகின்றன என்று 2022இல் கணக்கிட்டிருக்கிறார்கள். நகரத்தில் பாதிப் பயணங்கள் 492 மீட்டருக்குள் முடிந்தன. விளைநிலத்தில் அதுவே 743 மீட்டர். வீட்டுத் தோட்டங்களில் பூ பக்கத்திலேயே கிடைக்கிறது, ஒரே பயிர் விதைத்த வயலில் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பச்சையாக இருப்பதால் வயல்தான் தேனீக்கு நெருக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆகவே வயலுக்குத் தனிச்சொல் வேண்டும். 'கழனியிணங்கி' என்று வைக்கலாம், ஓசை கொஞ்சம் இடறினாலும்.

இன்னொன்று: அந்த லண்டன் ஆய்வில் ஆடியவை பெட்டித்தேனீக்கள். நாமே கொண்டுவந்து வைத்ததை ஊரிணங்கி என்று சொல்ல முடியாது. தானாக வந்து ஒட்டிக்கொண்டதற்கு மட்டுமே இந்தப் பெயர் என்று வரையறையில் எழுதிவிடுவோமா?