மிரர்லெஸ் மெனுவில் எதைப் போட்டு வைப்பது, எதைத் தொடாமல் விடுவது? உதவி தேவை

கேட்டவர்:
நண்பர்களே, என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா, வேகமாகப் படித்து முடிக்கும் ஸ்டாக்ட் சென்சார் கிடையாது. அரங்க நிகழ்ச்சிகள், ஓடியாடும் குழந்தைகள், நேரம் கிடைத்தால் பறவைகள், இவைதான் அதிகம் எடுப்பது. ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) மட்டும்தான். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் கைக்கு வந்துவிட்டன, அதைத் தாண்டி மெனுவில் பக்கம் பக்கமாக இருக்கும் சமாச்சாரங்களில்தான் குழப்பம்.

இப்போதைக்கு மூன்று தொல்லைகள். சைலன்ட் மோடில் அரங்கத்தில் எடுத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுகின்றன. மேனுவல் மோடில் ஃப்ளாஷ் மாட்டினால் வியூஃபைண்டர் இருட்டாகி ஒன்றும் தெரிவதில்லை. பறவை கிளம்பும் நொடியில் அமுக்கினால் வாலும் காலும்தான் கிடைக்கின்றன. இவை செட்டிங்கில் தீருமா? தீருமென்றால் எதெல்லாம் மெனக்கெட்டுக் கற்க வேண்டியவை?

நீள்லென்ஸ்:
முதல் இரண்டும் இன்றைக்கே தீரும்.

சைலன்ட் மோடு என்றால் எலக்ட்ரானிக் ஷட்டர், அதாவது திரை எதுவும் நகராமல் சென்சாரே படத்தைப் படித்தெடுப்பது. உங்கள் வகை சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்து முடிக்க 1/20 வினாடி அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன, அதனால் ஒரே ஃப்ரேமுக்குள் ஐந்து தடவை வெளிச்சம் ஏறி இறங்குகிறது, அதுதான் அந்தப் பட்டைகள். எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஆன்டி-ஃப்ளிக்கரையும் போடுங்கள்: விளக்கு பிரகாசமாக இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டர் திறக்கும், தொடர் வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. சத்தமே கூடாத இடமென்றால் எலக்ட்ரானிக்கிலேயே 1/100 அல்லது 1/50 (60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/120 அல்லது 1/60). ஆனால் மேடை எல்இடி சிலது இதைவிட மிக வேகமாகத் துடிக்கும், அங்கே இந்தக் கணக்கு எடுபடாது. ஹை ஃப்ரீக்வன்சி ஃப்ளிக்கர் என்று தனி வசதி உள்ள பாடிகளில் ஷட்டர் வேகத்தை நுணுக்கி நுணுக்கி மாற்றலாம்.

ஃப்ளாஷ் விஷயத்துக்கு, எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை அணையுங்கள். கேனனில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், சோனியில் செட்டிங் எஃபெக்ட் என்று இருக்கும். ஃப்ளாஷ் வெளிச்சம் கேமராவுக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால் உங்கள் செட்டிங்கை மட்டும் வைத்து இருட்டாகக் காட்டுகிறது.

ரா_பிரியன்:
நீங்கள் ரா எடுப்பதால் பாதி மெனுவை மறந்துவிடலாம். பிக்சர் ஸ்டைல், ஷார்ப்னெஸ், ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் ஜேபெக்குக்குத்தான். ஆனால் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைப்பது நல்லது, ஏனென்றால் ஹிஸ்டோகிராமும் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) ஜீப்ராவும் (எரிந்த இடத்தில் ஓடும் கோடுகள்) அந்த ஜேபெக் முன்னோட்டத்தைப் பார்த்தே கணக்குப் போடுகின்றன. பளிச் ஸ்டைலில் வைத்தால் வெளிச்சப் பகுதி எரிந்துவிட்டதாகப் பொய் சொல்லும்.

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் விதிவிலக்கு, அது ராவையும் தொடும். 30 வினாடி எடுத்தால் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 வினாடி இருட்டுப் படம் எடுத்துக் கழிக்கும். நட்சத்திரப் பாதை எடுப்பவர்களுக்கு இடைவெளி விழுந்துவிடும். வெளிச்சப் பகுதி எரியாமல் காக்கும் கேனனின் ஹைலைட் டோன் ப்ரையாரிட்டியும் ராவைத் தொடும், போட்டால் ஐஎஸ்ஓ 200க்குக் கீழே போகாது.

எனக்கு ஒரே ஒரு செட்டிங்தான் மிச்சம் என்றால் ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைத்தான் வைத்துக்கொள்வேன். குழந்தைகளுக்கு 1/250, ஓடினால் 1/500. வெளிச்சம் மாற மாற ஐஎஸ்ஓ மட்டும் ஏறி இறங்கும், நீங்கள் முகத்தைப் பார்க்கலாம். இதை யாரும் கொண்டாடுவதில்லை, ஆனால் என் கணக்கில் அசைந்து மங்கிய படங்களைக் குறைத்ததில் இதற்கு ஈடு இல்லை.

சிறகு:
பறவைக்கு வருகிறேன். ப்ரீ-கேப்ச்சர் இருக்கிறதா பாருங்கள். பட்டனைப் பாதி அமுக்கி வைத்திருக்கும்போதே கேமரா படங்களை நினைவகத்தில் சுழற்றிக்கொண்டிருக்கும், முழுதாக அமுக்கினால் அதற்கு முந்தைய சில கணங்களும் சேர்ந்து பதிவாகும். நம் கை எவ்வளவு வேகமானாலும் கண் பார்த்து விரல் நகர நேரம் ஆகத்தான் செய்யும், அந்த இடைவெளியை இது ஈடுகட்டுகிறது. ஆனால் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்: உயர்ரக நிக்கான் இசட்9இலேயே இது ஜேபெக் மட்டும்தான். எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் ஓடும் என்பதால் உங்கள் சென்சாரில் சிறகடிப்பு வளைந்து நெளிந்து விழவும் வாய்ப்பு உண்டு. உட்கார்ந்திருக்கும் பறவை கிளம்பும் தருணத்துக்கு மட்டும் போடுங்கள், பேட்டரியைக் குடித்துவிடும்.

அப்புறம் பேக் பட்டன் ஃபோகஸ், அதாவது ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்துப் பின்னால் கட்டைவிரல் பட்டனுக்குக் கொடுப்பது. பழகிவிட்டால் ஷட்டர் பட்டனுக்குத் திரும்ப மனம் வராது.

நீள்லென்ஸ்:
இதில் எனக்கு உடன்பாடில்லை, சிறகு. முன்பு ஃபோகஸைப் பூட்டி ஃப்ரேமை மாற்ற அது அவசியம். இப்போது கண்ணைக் கண்டுபிடித்து ஃப்ரேம் முழுக்கப் பின்தொடர்கிறதே, தொடர் ஃபோகஸில் விட்டு ஷட்டரை அமுக்கினால் போதும். கேமராவை அடுத்தவர் கையில் கொடுக்கும்போது குழப்பமும் இல்லை.

சிறகு:
கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்த பறவையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முன்னால் ஒரு இலை ஆடினால் ஃபோகஸ் அதற்குத் தாவும். கட்டைவிரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும், நான் தொடர்ந்து எடுக்கலாம். குழந்தைகளுக்குத் தேவையில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மெக்கானிக்கல் ஷட்டரும் ஆன்டி-ஃப்ளிக்கரும் போட்டதும் பட்டைகள் போய்விட்டன, ஃப்ளாஷ் தொல்லையும் தீர்ந்தது. என் பாடியில் ப்ரீ-கேப்ச்சர் இல்லை. எலக்ட்ரானிக் முதல் திரை (சென்சார் தொடங்கி வைக்க, மெக்கானிக்கல் திரை முடித்து வைக்கும் ஷட்டர்) என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்போதும் போட்டு வைக்கலாமா?

ரா_பிரியன்:
போடலாம், 1/60 முதல் 1/200 வரையிலான வேகங்களில் ஷட்டர் அதிர்வைக் குறைக்கும். எஃப் 1.4 போல அகலத் திறந்து 1/2000க்கு மேல் போகும்போது மட்டும் முழு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள், இல்லையென்றால் பின்னணி வெளிச்ச வட்டங்களின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியும்.

ப்ரீ-கேப்ச்சர் இல்லாவிட்டால் பரவாயில்லை, பறவை கிளம்பும் முன் பெரும்பாலும் எச்சமிடும் அல்லது உடலைத் தாழ்த்தும். அதைப் பார்த்ததும் தொடர் ஷாட்டை ஆரம்பியுங்கள். அரங்கம், குழந்தைகள், பறவை மூன்றையும் டயலில் தனித்தனி கஸ்டம் மோடாகச் சேமித்து, அந்தச் செட்டிங்குகளை கார்டிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு முன் கட்டாயம், சில சமயம் எல்லாம் அழிந்துவிடும்.